எலும்பின் நுனியில் இருக்கும் கணக்கு

பிள்ளையின் உயரம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, முழங்காலுக்குச் சற்று மேலும் கீழும் இருக்கும் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள குருத்தெலும்பில் உருவாகிறது. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதன் கீழ்முனையில் நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் வளர்ச்சியில் பாதிக்கும் சற்று அதிகமான பங்கு அதன் மேல்முனையில் நடக்கிறது. மருத்துவர்கள் அந்தக் குருத்தெலும்புப் பகுதியை வளர்ச்சித் தட்டு என்கிறார்கள். எலும்பின் நடுப்பகுதி இழுபட்டு நீள்வதே இல்லை என்பதை ஆங்கிலேயப் பாதிரியாரும் தாவர ஆய்வாளருமான ஸ்டீஃபன் ஹேல்ஸ் 1727இலேயே எழுதிவிட்டார். வளரும் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகளை இட்டு, இரண்டு மாதம் கழித்து அவர் பார்த்தபோது, எலும்பு நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே இருந்த தூரமோ அப்படியே இருந்தது. வளர்ச்சி முனைகளில்தான் நடக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில் இந்தப் பாடத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால் பாடநூல், வளர்ச்சி ஹார்மோன் என்ற ஒரு பெயரோடு கதையை முடித்துவிடுகிறது. பெற்றோர்களின் மனத்திலும் அந்தப் பெயர் மட்டுமே தங்கியிருக்கிறது. அது போதாது. எலும்பு எவ்வளவு வளரும், எப்போது நிற்கும் என்ற கணக்கின் முக்கியமான பகுதி இரத்தத்தில் மட்டும் இல்லை, தட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், உயிரணுக்கள் எலும்பின் நீளவாக்கில் நிரை நிரையாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். எலும்பு முனையை ஒட்டி, அதிகம் பெருகாத ஓய்வுநிலை உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிறப்பவை தட்டையாகி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெருகுகின்றன. பிறகு பெருகுவதை நிறுத்திவிட்டு உப்பத் தொடங்குகின்றன. ஓர் உயிரணு தன் பருமனில் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாகிறது. நீள வளர்ச்சியில் பெரும்பங்கு இந்த உப்புதலால் கிடைப்பதுதான். உப்பிய உயிரணுக்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிகிறது, இரத்த நாளங்கள் உள்ளே நுழைகின்றன, எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் வந்து குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பை அமைக்கின்றன. மேலே புதிது பிறப்பதும் கீழே பழையது எலும்பாவதும் ஒரே வேகத்தில் நடக்கும்வரை தட்டின் தடிப்பு மாறாமல் இருக்க, எலும்பு மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

இந்த வேகப் பொருத்தத்தை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு 1996இல் வந்த விடையை இன்றும் வியப்போடுதான் வகுப்பில் சொல்கிறேன். உப்பத் தொடங்கும் நிலைக்கு வந்த உயிரணு, இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தச் செய்தி எலும்பின் முனைவரை எட்டி, அங்கே பிடிஎச்ஆர்பி என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. அந்தப் புரதம் கீழ்நோக்கிப் பரவி, இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களை உப்பவிடாமல் தடுக்கிறது. முனையிலிருந்து தொலைவு கூடக்கூட அதன் செறிவு குறைகிறது. போதுமான தொலைவுக்கு நகர்ந்துவிட்ட உயிரணு தடையிலிருந்து விடுபட்டு உப்புகிறது, உப்பத் தொடங்கியதும் அதுவே மீண்டும் முனைக்குச் செய்தி அனுப்புகிறது. பிடிஎச்ஆர்பி மரபணுவை நீக்கிய எலிகளில் உயிரணுக்கள் பெருகி முடிப்பதற்கு முன்பே உப்பிவிடுவதால் கால்கள் குட்டையாகின்றன. அந்த எலிகள் பிறந்தவுடன் இறந்துவிடுகின்றன. மூளையிலிருந்தோ சுரப்பிகளிலிருந்தோ எந்த ஆணையும் வராமல், சில மில்லிமீட்டருக்குள் இவ்வளவு நுணுக்கமான ஒழுங்கு நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கும் முந்தைய படிகளை வேறு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஓர் உயிரணு குருத்தெலும்பாக மாறுவதற்கு சாக்ஸ்9 வேண்டும். எலும்பை உருவாக்கும் உயிரணுவாக மாறுவதற்கு ரன்எக்ஸ்2 வேண்டும். ரன்எக்ஸ்2 இல்லாத எலிகளின் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பாகவே நின்றுவிட்டதை 1997இல் கண்டார்கள்.

இனி ஹார்மோன்களுக்கு வரலாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை நாள் முழுவதும் சீராக வெளியிடுவதில்லை. அலையலையாக, ஆழ்ந்த உறக்கத்தின் தொடக்கத்தில் மிகுதியாக வெளியிடுகிறது. அது கல்லீரலிலும் பிற திசுக்களிலும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளை உருவாக்க வைக்கிறது. தட்டில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி அந்தப் பொருளின் வழியாகவே நடக்கிறது. கல்லீரலிலிருந்து இரத்தத்தில் வரும் ஐஜிஎஃப்-1தான் எல்லாவற்றையும் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1999இல், கல்லீரலில் மட்டும் அந்த மரபணுவை நீக்கிய எலிகளை ஆராய்ந்தபோது, இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தும் எலிகள் வழக்கம்போல் வளர்ந்தன. தட்டும் தனக்கு வேண்டியதைத் தன் அருகிலேயே உருவாக்கிக்கொள்கிறது என்பது அதன் பொருள்.

ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, அதை ஏற்கும் புரதமும் வேண்டும். இஸ்ரேலிய மருத்துவர் ஸ்வி லாரோன் 1966இல் விவரித்த நோய் இதைக் காட்டியது: அக்குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகவே இருந்தது, ஆனால் அதை ஏற்கும் புரதத்தின் மரபணு பழுதாக இருந்ததால் ஐஜிஎஃப்-1 உருவாகவில்லை, அவர்கள் மிகக் குள்ளமாக இருந்தார்கள். போதிய உணவு இல்லாத குழந்தையிடமும் ஏறக்குறைய இதே நிலைதான்: வளர்ச்சி ஹார்மோன் உயர்கிறது, கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை, ஐஜிஎஃப்-1 குறைகிறது. உடல் இருக்கும் சத்தை உயிர் பிழைப்பதற்கு ஒதுக்கிவிடுகிறது. தென்கொரியாவில் 1896இல் பிறந்த பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20.2 சென்டிமீட்டர் உயரம் கூடியிருக்கிறார்கள்; நூறு ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணுக்கள் அந்த அளவுக்கு மாறிவிடுவதில்லை. சிங்கப்பூரிலும், தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தாத்தாக்களின் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் நிற்கும் குடும்பப் படங்களைப் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

தைராய்டு ஹார்மோன் இல்லாவிட்டால் தட்டின் உயிரணுக்கள் முதிர்ச்சியடையத் தடுமாறுகின்றன; எலும்போடு மூளையும் பாதிக்கப்படுகிறது. இங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு தெரிந்தால் முதல் சில வாரங்களிலேயே மாத்திரை தொடங்கிவிடுவதால், முன்பு ஒரு வாழ்க்கையையே மாற்றிவிட்ட நோய் இன்று பெரும்பாலும் வெளியே தெரியாமலே கடந்துபோகிறது. பெற்றோர்கள் பலருக்கு இப்படி ஒரு சோதனை நடந்ததே தெரியாது என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

தொடக்கநிலை ஆறில் படிக்கும் என் அக்கா மகன், வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டையானவன். அக்காவுக்கு அது பெரிய கவலை. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே இடக்கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். கை எலும்புகளிலும் மணிக்கட்டிலும் உள்ள தட்டுகள் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கின்றன என்பதைப் பார்த்து எலும்பு வயதைக் கணிக்கிறார்கள். அதற்கு இன்றும் பரவலாகப் பயன்படும் ஒப்பீட்டுப் படத்தொகுப்பு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான வெள்ளையர் குடும்பங்களின் குழந்தைகளைப் படமெடுத்து உருவாக்கியது. அவனுடைய எலும்பு வயது, உண்மை வயதைவிட இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தது. அக்கா அதைக் கேட்டு அதிர்ந்துபோனாள். மருத்துவரோ குடும்பத்தில் யாராவது தாமதமாக வளர்ந்தார்களா என்று விசாரிக்கச் சொன்னார். அன்று மாலை அக்காவின் மாமியார் சர்வசாதாரணமாகச் சொன்னார்: “இவன் அப்பனும் அப்படித்தான் இருந்தான். உயர்நிலை மூணு வரைக்கும் வரிசையில முதல் ஆளா நிப்பான். தேசிய சேவைக்குப் போனப்பதான் கொடுத்த கால்சட்டையெல்லாம் குட்டையாப் போச்சு.” எந்த இரத்தச் சோதனையும் சொல்லாததை அந்த இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்லிவிட்டன. பருவமடைதல் தாமதமாகும் இயல்பு குடும்பங்களில் தொடர்வது. எலும்பு வயது பின்தங்கியிருப்பது, அவனுடைய தட்டுகளில் இன்னும் செலவாகாத வளர்ச்சி மீதமிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

மீதமிருக்கிறது என்று எழுதியதை விளக்க வேண்டும். நோயோ பட்டினியோ வளர்ச்சியைத் தடுத்த பிறகு, காரணம் நீங்கியதும் குழந்தைகள் தம் வயதுக்குரிய வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் வளர்வதை பிராடர், டானர், ஃபான் ஹார்னாக் ஆகியோர் 1963இல் விரிவாக எழுதினார்கள். மூளையில் எங்கோ ஓர் அளவுகோல் இருந்து, உடல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து ஈடுகட்டுகிறது என்பது அப்போதைய கருத்து. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முயல்களைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்தார்கள். முயலின் ஒரு காலில் உள்ள வளர்ச்சித் தட்டுக்குள் மட்டும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தி அதன் வளர்ச்சியை மந்தப்படுத்திவிட்டு, பிறகு மருந்தை நிறுத்தினார்கள். அந்தத் தட்டு மட்டும், மறுகாலில் உள்ள தட்டைவிட வேகமாக வளர்ந்தது. இரு கால்களுக்கும் ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே மூளை. வேறுபாடு தட்டுக்குள்தான் இருக்க முடியும்.

இதிலிருந்து உருவான விளக்கம் இதுதான். தட்டின் உயிரணுக்களுக்குப் பெருகும் திறன் வரம்புக்குட்பட்டது. பெருகப் பெருக அந்தத் திறன் குறைந்து தட்டு முதுமையடைகிறது. மாதத் தொடக்கத்தில் அளந்து வைத்த அரிசியைப் போன்றது அது: ஒரு வாரம் குறைவாகப் பொங்கினால் மாதக் கடைசிக்கு மிஞ்சியிருக்கும், அள்ளி அள்ளிப் பொங்கினால் முன்னதாகவே தீர்ந்துவிடும். மருந்தால் மந்தமான தட்டு, செலவழிக்காமல் இருந்ததால் தன் வயதைவிட இளமையாக இருந்தது. தடை நீங்கியதும் இளம் தட்டுக்குரிய வேகத்தில் வளர்ந்தது. நீண்ட காலப் பட்டினியும் நோயும் இப்படி முழுமையாக ஈடாவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் பருவமடைதல் காத்திருப்பதில்லை.

பெண் ஹார்மோன் என்று பொதுவாக அறியப்படும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பருவமடைதலில் உள்ள பங்கு, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. ஆண்களின் வளர்ச்சியை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முடித்துவைக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1994இல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவருடைய உயரம் 204 சென்டிமீட்டர், எலும்பு வயது 15, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே இருந்தது; ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதத்தின் மரபணுதான் பழுதாகியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜனையே உருவாக்க முடியாத ஆண்களிலும் தட்டுகள் மூடாமல் இருப்பது தெரிந்தது. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் தட்டுகள் மூடின. ஆணோ பெண்ணோ, எலும்பின் வளர்ச்சியை முடித்துவைப்பது ஈஸ்ட்ரோஜன்தான். ஆணின் உடல் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. 2001இல் வந்த முயல் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஈஸ்ட்ரோஜன் தட்டை நேரடியாக மூடுவதில்லை. தட்டின் முதுமையை விரைவுபடுத்துகிறது, பெருகும் திறன் தீர்ந்த பிறகே தட்டு எலும்பாகி மூடுகிறது.

இதை விளங்கிக்கொண்டால், தொடக்கநிலை இரண்டிலேயே பருவமாற்றங்கள் தொடங்கி வகுப்பில் எல்லோரையும்விட ஓங்கி நிற்கும் பெண்பிள்ளையைப் பார்த்து உறவினர்கள் மகிழும்போது எனக்கு ஏன் சங்கடமாக இருக்கிறது என்பது புரியும். முன்னதாகப் பருவமடையும் பிள்ளை, சிறுவயதில் உயரமாக இருந்து, தட்டுகள் விரைவாக மூடுவதால் பெரியவளானபின் குட்டையாக நிற்கக்கூடும். எட்டு வயதுக்குமுன் பெண்பிள்ளைக்கு மார்பு வளர்ச்சியோ, ஒன்பது வயதுக்குமுன் ஆண்பிள்ளைக்குப் பருவ அடையாளமோ தெரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூளையிலிருந்து வரும் தூண்டுதலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஊசிமருந்து பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு நாளில் எடுத்த உயரம் எதையும் சொல்லாது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒரே முறையில் அளந்து, சுகாதாரக் கையேட்டில் உள்ள வளைகோட்டில் குறித்து, வேகம் மாறுகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். நான்கு வயது முதல் பருவமடைதல்வரை ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்பது நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க அளவு. அதற்குத் தொடர்ந்து குறைந்தால் காரணம் தேட வேண்டும்.

உயரத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் மாவுகளையும் மாத்திரைகளையும் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மூடிய தட்டை எந்த மாவும் திறக்காது. திறந்திருக்கும் தட்டுக்கு, சரியான உணவு கிடைக்கும் குழந்தையிடம், அந்த மாவு கூடுதலாகச் செய்வது எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் முட்டையும் பாலும் பருப்பும் வாங்கலாம். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு குழந்தையைக் குள்ளமாக்கிவிடும் என்று அஞ்சி மருந்தை நிறுத்திவிடும் பெற்றோர்களைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்கிறேன். 2012இல் வெளியான நீண்டகால ஆய்வில், சிறுவயதில் சில ஆண்டுகள் அம்மருந்தைப் பயன்படுத்தியவர்களின் இறுதி உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அது உண்மையான இழப்புதான். ஆனால் கட்டுப்படாத ஆஸ்துமா உயிருக்கே ஆபத்து. மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மிகக் குறைந்த அளவு எது என்று மருத்துவரிடம் கேட்பதே முறை.

ஒற்றை மரபணுவின் வலிமையைக் காட்ட எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஒன்றே போதும். தட்டின் வளர்ச்சியை அளவோடு அடக்கிவைப்பது அதன் இயல்பான வேலை. அது உருவாக்கும் புரதத்தின் 380ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால், அந்த அடக்கும் வேலை ஓயாமல் நடந்து, அகோண்ட்ரோபிளாசியா என்ற குள்ளத்தன்மை உண்டாகிறது. இந்தக் காரணம் 1994இல் தெரியவந்தது. இவ்வாறு பிறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வரின் பெற்றோர் இருவரும் சராசரி உயரமுள்ளவர்கள். மாற்றம் புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் நிகழ்ந்திருக்கும். தாய் கருவுற்றிருந்தபோது செய்ததோ செய்யாததோ காரணமில்லை என்பதை நம் குடும்பங்களில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அடக்குதலை எதிர்க்கும் சிஎன்பி என்ற இயற்கைப் பொருளைப் போலவே வடிவமைக்கப்பட்ட வோசோரிடைடு என்ற மருந்து, 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஓராண்டு ஆய்வில், போலி ஊசி பெற்ற குழந்தைகளைவிட மருந்து பெற்றவர்கள் ஆண்டுக்கு 1.57 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். நாள்தோறும் ஊசி, அதுவும் தட்டுகள் திறந்திருக்கும்வரை மட்டும். எலும்பு உயிரியலை அடிப்படையிலிருந்து புரிந்துகொண்டு செய்த மருந்து என்பதால் இதை நான் மதிக்கிறேன்; அதை வேண்டாம் என்று முடிவு செய்யும் குடும்பங்களையும் மதிக்கிறேன்.

பொதுவாக நம் உயரம் இப்படி ஒரு மரபணுவால் தீர்மானமாவதில்லை. 2022இல், 54 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகளோடு முன்பே தொடர்புபடுத்தப்பட்ட மரபணுக்களைச் சுற்றி அவை அடர்ந்திருந்தன. மேலே பேசிய அதே தட்டு, அதே செய்திகள். ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு. ஐரோப்பிய வழித்தோன்றல்களிடையே உள்ள உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை அந்தப் பட்டியலால் விளக்க முடிந்தது. மற்ற மக்களிடம் அது ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே, ஏனெனில் ஆராயப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். சிங்கப்பூரில் 2019இல் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதியை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நம் மக்களுக்குரிய அடித்தளம் இப்போதுதான் போடப்படுகிறது.

ஆகவே, எச்சிலை அனுப்பினால் பிள்ளையின் வருங்கால உயரத்தைச் சொல்கிறோம் என்று யாரேனும் விளம்பரம் செய்தால், ஒரு தமிழ்க் குழந்தைக்கு அதைவிட நம்பகமான வழி இன்றும் பழைய கணக்குதான். தாய், தந்தை இருவரின் உயரத்தையும் கூட்டி, ஆண்பிள்ளைக்கு 13 சென்டிமீட்டர் சேர்த்தும் பெண்பிள்ளைக்கு 13 கழித்தும் இரண்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் உயரம் கிடைக்கும். அதற்கு மேலும் கீழும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர்வரை இயல்பே. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த காலத்திலிருந்து நினைவில் வைத்திருக்கும் எண்ணை எழுதாமல், பெற்றோர் இருவரையும் காலணி இல்லாமல் சுவரோடு நிற்கவைத்து அளந்துவிட்டுக் கணக்கிடுங்கள்.